சாட்சியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லட்டும்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற ரோட்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஷேர் ஆட்டோ, லோடு வேன், கம்பெனி பஸ் என்று போகிற வண்டிகளில் எத்தனை சாமிகள்! ஒன்றில் திருவேற்காடு கருமாரி, இன்னொன்றில் 786, அதற்குப் பின்னால் வருவதில் இயேசுவின் பெயரும் ஒரு வசனமும். ஸ்டிக்கர் ஒட்டுகிற விஷயத்தில் நம்ம ஊரில் எம்மதமும் சம்மதம்தான் :-) ஆனால் ஓட்டுகிற விதத்தை வைத்து எது எந்த மதத்து வண்டி என்று கண்டுபிடிக்க முடியுமா? சத்தியமாக முடியாது. எல்லாரும் ஒரே மாதிரிதான் ராங் சைடில் வருகிறார்கள்.

நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன். அதனால் மற்ற ஸ்டிக்கர்களை விட்டுவிடுகிறேன். எங்கள் ஸ்டிக்கரைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். வகுப்பு நண்பர்கள் பலர் வேறு மதத்தவர்கள், சிலர் எந்த மதமும் வேண்டாம் என்பவர்கள். அவர்களும் படிக்கலாம். சொல்லப் போனால் இந்தக் கட்டுரையில் அவர்களுக்குத்தான் முக்கியமான வேலை இருக்கிறது.

சாட்சி என்றால் என்ன?

சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு "சாட்சி சொல்வது" தெரியும். ஒருவர் எழுந்து மைக்கைப் பிடித்து, கடவுள் தனக்குச் செய்த நன்மைகளைச் சொல்வார். நோய் குணமானது, வேலை கிடைத்தது, கடன் தீர்ந்தது. கேட்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் "சாட்சி" என்ற சொல் கோர்ட்டுக்கும் சொந்தமானது. அங்கே ஒருவர் தன்னைப் பற்றித் தானே நல்லவர் என்று சொன்னால் நீதிபதி அதை எவ்வளவு எடுத்துக்கொள்வார்? பார்த்தவர், கேட்டவர், வழக்கில் லாப நஷ்டம் இல்லாதவர் சொன்னால்தான் அதற்குக் கனம். பி.காம். படிக்கிற எங்களுக்கு முதல் வருடத்திலிருந்தே சொல்லித் தருவதும் இதுதான். கம்பெனி தன் கணக்கைத் தானே எழுதலாம், தானே தணிக்கை செய்துகொள்ள முடியாது. ஆடிட்டர் வெளியாளாக இருக்க வேண்டும், அந்தக் கம்பெனியில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது.

என் கருத்து இதுதான்: ஒரு கிறிஸ்தவனின் விசுவாசத்துக்கு ஆடிட்டர் அவனுடைய பாஸ்டர் இல்லை, அவனோடு பாட்டுப் பாடுகிற சபையாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், கடைக்கு வருகிற வாடிக்கையாளர், அவனிடம் சம்பளம் வாங்குகிறவர், அவன் வீட்டில் குடியிருப்பவர். அதிலும் வேற்று மதத்துக்காரராக இருந்தால் ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் நம்மைப் புகழ வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

வேதத்தில் ஒரு முடிச்சு

மத்தேயு 5-ம் அதிகாரத்தில் இயேசு, உங்கள் வெளிச்சம் மனிதர் முன் பிரகாசிக்கட்டும், உங்கள் நல்ல செயல்களை அவர்கள் பார்க்கட்டும் என்ற பொருளில் பேசுகிறார். அடுத்த அதிகாரத்திலேயே மனிதர் பார்க்க வேண்டும் என்று தர்மம் செய்யாதீர்கள், வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். காட்டச் சொல்கிறாரா, மறைக்கச் சொல்கிறாரா? சண்டே ஸ்கூல் படிக்கும்போதிலிருந்தே எனக்கு இருந்த சந்தேகம் இது.

இப்போது எனக்குப் புரிகிற விதத்தில் சொல்கிறேன். 6-ம் அதிகாரம் பேசுவது தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றைப் பற்றி. மூன்றுமே செய்தால் நாலு பேர் "ஆஹா" என்று சொல்லும் காரியங்கள். அதனால்தான் அவற்றை மறைக்கச் சொல்கிறார். ஆனால் சரியான எடை போடுவது, சொன்ன தேதியில் பணம் கொடுப்பது, வரிசையில் நிற்பது இதற்கெல்லாம் யார் கை தட்டுவார்கள்? இவை எல்லார் கண்ணிலும் படும், ஆனால் இதற்கு மாலை விழாது. மறைக்கவும் தேவையில்லை, விளம்பரமும் செய்ய முடியாது. வெளிச்சம் என்று அவர் சொன்னது இந்த மாதிரிச் சாதாரணக் காரியங்களாக இருந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? தலைகீழாகச் செய்கிறோம். ஜெபத்துக்கு ஒலிபெருக்கி வைக்கிறோம், எடைக்கல்லை மறைக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கோர்ட்டுக்கே போன கதை

ஒலிபெருக்கி என்றதும் நினைவுக்கு வருவது நம்ம பக்கத்திலேயே நடந்த ஒரு வழக்கு. மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு சபை. டிரம்ஸ், கிடார், ஒலிபெருக்கி வைத்து ஆராதனை. சத்தம் தாங்க முடியவில்லை என்று கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்தினர் வழக்குப் போட்டார்கள். சத்தத்துக்குக் காரணம் சாலையில் போகிற வண்டிகள்தான், சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கவே இந்தப் புகார் என்பது சபையின் வாதம். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கியும் கொட்டும் வழிபாட்டு உரிமைக்குள் வராது என்று சொல்லி நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

இன்று ஆடி மாதத் திருவிழாவில் ஆரம்பித்து எல்லா மதத்து ஸ்பீக்கர் தகராறிலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதியும் அதே 2000-ம் ஆண்டில் வந்ததுதான். "கோவில்ல வைக்கலையா, மசூதியில வைக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சட்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஆனால் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையனிடம் போய் அந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். அவனைப் பொறுத்தவரை இயேசு என்றால் அந்தச் சத்தம்தான். அவன் சொல்லப் போகும் சாட்சியும் அதுதான்.

ஒரு முன்சீப்பின் சாட்சி

இப்போது எதிர்ப்பக்கம் ஒருவரைப் பார்ப்போம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). 1879-ல் வெளிவந்த "பிரதாப முதலியார் சரித்திரம்" தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் ஒரு மார்க் கேள்விக்காகப் படித்திருப்போம். அவர் கத்தோலிக்கர். தொழில், முன்சீப். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் கோர்ட்டுகளில் உட்கார்ந்து வாழ்நாளின் நல்ல பகுதியை மற்றவர்கள் சொல்லும் சாட்சியைக் கேட்டே கழித்தவர்.

கையூட்டு சர்வசாதாரணமாகப் புழங்கிய காலத்தில் "கைக்கூலி" வாங்குவதைக் கண்டித்துத் தன் "நீதி நூல்" என்ற புத்தகத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-ல் புத்தகமாகப் போட்டார், கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டாமா? 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். எந்த மதத்தவரும் பாடும்படி "சர்வ சமய சமரசக் கீர்த்தனை" எழுதினார். அந்தப் பாடல்களில் சில இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அவரைப் பற்றி யார் சொன்னார்கள் என்பது. உ.வே.சா.வின் ஆசிரியரும் திருவாவடுதுறை ஆதீனத்து வித்வானுமான மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பழுத்த சைவர், இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து "குளத்தூர்க் கோவை" பாடினார். நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் பஞ்ச காலத்தில் அவர் செய்த தொண்டைப் பார்த்து நெகிழ்ந்து கீர்த்தனை பாடினார். இருவரும் சிவபக்தர்கள். வேதநாயகம் பிள்ளையின் மதத்துக்கு வர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, வரவும் இல்லை. ஆனால் சாட்சி சொன்னார்கள். இதைவிடப் பெரிய ஆடிட் ரிப்போர்ட் ஒரு கிறிஸ்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

நாணயம்

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்கூட. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் ஒரே சொல்லில் கிடைக்காது.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் என் சித்தப்பா வேலை பார்த்தார். பெயர் வேண்டாம். முதலாளி தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆபீஸ் சுவரில் பெரிய வசனக் காலண்டர். புது வருஷத்துக்கு எல்லாருக்கும் கேக், சின்ன ஜெபம். எல்லாம் சரி. ஆனால் எட்டு மாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துக்கொண்டே இருந்தார், கட்டவில்லை. பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சித்தப்பாவோடு லேத்தில் நின்ற ஒரு அண்ணன், கிறிஸ்தவர் இல்லை, காலண்டரைக் காட்டிச் சொன்னாராம்: "இவ்ளோ பெரிய காலண்டர் மாட்டியிருக்காரு, அதுல பதினஞ்சாந்தேதி மட்டும் தெரியலையா?"

பி.எஃப். படித்தவர்களுக்குப் புரியும். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாமல் வைத்துக்கொண்டால் அது தாமதம் என்பதோடு நிற்காது, குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடியாகவே கருதப்படும். நம்பிக்கை மோசடி! சர்ச்சில் நாம் பேசுகிற அதே நம்பிக்கைதான்.

இன்னொரு உதாரணம், பாக்கி. எஸ்டேட்டில் பெரிய கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் செய்து தரும் சின்ன யூனிட்டுகளின் பெரிய தலைவலி, பில் பணம் வராதது. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். யாரும் கேட்பதாக இல்லை. 2023-ல் வருமான வரிச் சட்டத்திலேயே கை வைத்தார்கள். கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது, எப்போது கொடுக்கிறோமோ அப்போதுதான் கழிக்கலாம் என்று ஆனது. உடனே எல்லா அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டிலும் 45 நாள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். வேதமோ கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியராகமத்திலேயே சொல்லிவிட்டது. யாக்கோபு நிருபமும் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும் என்று எச்சரிக்கிறது. பில் பணமும் கடைசியில் யாரோ ஒருவரின் கூலிதானே? வரி போடுகிறேன் என்றதும் கேட்கிற காது, வேதம் சொன்னபோது ஏன் கேட்கவில்லை?

வியாபாரத்தில் இது நடக்காது என்பவர்களுக்கு இங்கிலாந்தின் குவேக்கர்களைக் காட்டலாம். பேரம் பேசுவதே பொய் என்று நினைத்தவர்கள் அவர்கள். நூறு என்று சொல்லி எழுபதுக்குத் தருவதென்றால் முதலில் சொன்ன நூறு பொய்தானே? அதனால் ஒரே விலை வைத்தார்கள். குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள், வியாபாரம் வளர்ந்தது. பார்க்ளேஸ், லாயிட்ஸ், காட்பரி எல்லாம் குவேக்கர்கள் ஆரம்பித்தவை.

ஆனால் அதே காட்பரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தாங்கள் வாங்கும் சாவோ தோமே தீவு கோகோ அடிமை உழைப்பில் விளைகிறது என்று 1901-லேயே தகவல் கிடைத்தது. விசாரித்தார்கள், பேசினார்கள், ஆனாலும் 1909 வரை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இதை எழுதிய ஒரு பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். ஜூரி கொடுக்கச் சொன்ன நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. உங்கள் நற்பெயருக்கு இன்றைய மதிப்பு இவ்வளவுதான் என்று வெளியாட்கள் பன்னிரண்டு பேர் சொன்ன மாதிரி.

கஷ்டமான இடம்

இதுவரை சொன்னது பணம். பணத்தைவிடக் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. சாதி.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் நேராகக் கேட்டது: மற்ற சாதிக் கிறிஸ்தவரோடு உட்கார்ந்து சாப்பிடுவாயா? மாட்டேன் என்றால் நீ சாதியை விட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். எனக்கு இந்தச் சோதனை பிடித்திருக்கிறது. விசுவாசப் பிரமாணம் ஒப்பிக்கச் சொல்லவில்லை, இலையில் உட்காரச் சொன்னார்கள்.

எத்தனை வருஷம் ஆயிற்று? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டமாக இருந்த பகுதியில் (இப்போது கள்ளக்குறிச்சி) எறையூரில் என்ன நடந்தது? ஒரே மாதா கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களுக்குள், சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போவது, தலித் கிறிஸ்தவர்களுக்குச் சம உரிமை உண்டா இல்லையா என்ற பிரச்சினை கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைப் பிரிக்கும் சுவருக்கு எதிராகப் பல காலம் போராட்டம் நடந்தது. உயிர்த்தெழுதலில் எல்லாரும் சேர்ந்து எழுவோம் என்று நம்புகிறவர்கள் நடுவில் சுவர் வைத்துப் புதைக்கிறார்கள். எழுந்ததும் சுவர் ஏறிக் குதிக்க வேண்டுமோ என்னவோ.

அது கிராமம், நாங்கள் சிட்டி என்று தப்பிக்க முடியாது. திருமுல்லைவாயலிலும் அயப்பாக்கத்திலும் வீடு தேடிப் பாருங்கள். "கிறிஸ்டியனா? சரி, நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வரும். பட்டரவாக்கம் பக்கம் ஒடிசா, பீகார் தொழிலாளர்களை ஒரே ரூமில் எட்டுப் பேரை அடைத்து தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிற வீட்டுக்காரர்களிலும் எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள். கல்யாண விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை" என்று போட்டு, பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடுகிறோம். எதிலிருந்து இரட்சிக்கப்பட்டோம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

வரக்கூடிய கேள்விகள்

ஒன்று: "இரட்சிப்பு கிருபையினால்தான், நற்செயலால் இல்லையே?" சபைக்குள்ளிருந்து வரும் கேள்வி. மார்ட்டின் லூத்தர் இதனால்தான் யாக்கோபு நிருபத்தின் மேல் எரிச்சலாகி 1522-ல் அதை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். நான் இறையியல் மாணவன் இல்லை. எனக்குத் தெரிந்தது பேலன்ஸ் ஷீட். ஒரு கம்பெனி தன்னிடம் பெரிய முதலீடு வந்திருக்கிறது என்று சொன்னால், அது மறுபக்கம் ஏதாவது ஒரு சொத்தாகத் தெரிய வேண்டும். எங்கேயுமே தெரியவில்லை என்றால் ஆடிட்டர் முதலீடு வந்ததையே சந்தேகப்படுவார். கிருபை இலவசம்தான், நான் மறுக்கவில்லை. வந்தது என்றால் எங்கே போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

இரண்டு: "கிறிஸ்தவர் இல்லாதவர்களும் நேர்மையாகத்தானே இருக்கிறார்கள்? அப்புறம் இதில் கிறிஸ்தவம் எங்கே?" வெளியிலிருந்து வரும் கேள்வி. உண்மைதான், நேர்மைக்கு நாங்கள் காப்புரிமை வாங்கவில்லை. இயேசுவே அயலான் யார் என்று விளக்க ஒரு கதை சொன்னபோது நல்லவனாகக் காட்டியது சொந்த மதத்து ஆசாரியனை இல்லை, யூதர்கள் மதிக்காத ஒரு சமாரியனை. அடுத்தவரிடம் நன்மை இருப்பது எனக்குப் போட்டியில்லை, பாடம்.

மூன்று: "நல்லது செய்வதெல்லாம் ஆள் சேர்க்கத்தானே?" இந்தச் சந்தேகம் நம் ஊரில் உண்டு, மூடி மறைப்பானேன். ஆனால் நான் மேலே சொன்ன பட்டியலைப் பாருங்கள். 15-ம் தேதி பி.எஃப். கட்டியதால் யாராவது மதம் மாறியிருக்கிறார்களா? பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியதால்? இவற்றில் தூண்டில் இல்லை. அதனாலேயே இவை நல்ல சாட்சி.

கடைசியாக

நம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் அக்கவுண்ட்ஸ் ஆபீசிலோ, பேங்கிலோ, அப்பாவின் கடையிலோ உட்காரப் போகிறோம். "இந்த பில்லை மட்டும் போன மாசத் தேதியில போட்டுடுப்பா" என்று ஒருவர் வந்து நிற்பார். அவர் நம் சபைக்காரராகவே இருக்கலாம். அந்த நேரத்தில் மைக் இருக்காது, பாட்டு இருக்காது, ஆமென் சொல்ல ஆள் இருக்காது. முடியாது என்று சொன்னால் வேலை போகக்கூடும், அதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் ஒருவர் தலை நிமிராமல் கீபோர்டைத் தட்டிக்கொண்டு நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர்தான் சாட்சி. நம்மைப் பற்றி என்றாவது ஒருநாள், நாம் இல்லாத இடத்தில், அவர் தன் வீட்டில் சொல்லுவார். என்ன சொல்லுவார் என்பதை எழுதுகிற பேனா இப்போதைக்கு நம் கையில்தான் இருக்கிறது.